ஹெட்டியின் ஃபிளானல்

பிரையர்ஷா, லங்காஷயர்
பிப்ரவரி 1911

அன்பு மகன் எட்வினுக்கு அப்பா எழுதுவது. கனடாவின் பனியில் நீயும் கிளாராவும் பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டு மேலே போவதுதான் வழக்கம், இந்தத் தடவை அந்த வார்த்தை கைக்கு வரமாட்டேன் என்கிறது. உன் தங்கை ஹெட்டி படுத்த படுக்கையாக இருக்கிறாள். பதறாதே, இதை எழுதும்போது அவள் என் எதிரேதான் படுத்துக்கொண்டு, குதிரைக்கு ஏன் புருவம் இல்லை என்று கேட்டு என் உயிரை வாங்குகிறாள். இருதயத்தில் கோளாறு. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பாதியில் கடிதத்தை வீசிவிட்டுக் கப்பல் எப்போது என்று விசாரிக்கக் கிளம்பிவிடாதே.

இலைகள் உதிரும் சமயத்தில் அவளுக்குத் தொண்டை வலி வந்து போனது. அப்புறம் முழங்கால் வலி என்றாள், அது விட்டதும் முழங்கை, பிறகு மறுபடி கால். நம் தெருவில் இதற்கெல்லாம் ஒரே பதில்தான், உனக்கே தெரியும். 'எலும்பு வளருது, அதான் இழுக்குது' என்றாள் அடுத்த வீட்டு கிரிம்ஷா. உன் அம்மாவும் அதையே சொன்னாள், நானும் தலையாட்டினேன். ஏழு வயதுப் பிள்ளை வளராமல் என்ன செய்யும்? முதல் பனி விழுந்ததும் வழக்கப்படி, சளி அண்டாமல் இருக்க மார்பிலும் முதுகிலும் வாத்துக் கொழுப்பைத் தேய்த்து, சிவப்பு ஃபிளானல் கம்பளியைச் சுற்றி, கழுத்திலிருந்து இடுப்புவரை அம்மா தைத்து மூடிவிட்டாள். வசந்தம் வரும்வரை அது உடம்பைவிட்டு இறங்காது. நீயும் அந்த நாற்றத்தோடு பள்ளிக்கூடம் போனவன்தானே, உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஜனவரியில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சோதிக்க டாக்டர் வந்தார். இப்போது சட்டம் அப்படி. வந்தது ஒரு பெண், ஸ்காட்லாந்துக்காரி, மிஸ் லாமண்ட் என்று பெயர். தாய்மார்களும் கூட வரலாம் என்று சொல்லியிருந்ததால் அம்மா ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை மாட்டிக்கொண்டு போனாள். அங்கே நடந்ததை அவள் சொன்னதைவிடத் தெரு சொன்னதுதான் அதிகம். ஹெட்டியின் சட்டையைக் கழற்றியதும் டாக்டர் கத்தரிக்கோல் கேட்டிருக்கிறாள். 'கம்பளிக்கு மேல குழாய வச்சா எனக்குக் கம்பளி உரசுறதுதாம்மா கேக்கும். இந்தப் பிள்ளை இந்த அறையக் கடந்து வர்றதுக்குள்ள மூச்சு வாங்குது, நான் உள்ள கேட்டே ஆகணும்.' அம்மா விடுவாளா? 'நீங்க பெத்து வளத்ததில்ல, அதான் கத்தரிக்கோல் கேக்குறீங்க. ஒருத்தனக் குடுத்துட்டேன், இன்னொண்ணக் குடுக்க மாட்டேன்' என்று சொல்லி, பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். தெருவே அவளைக் கொண்டாடியது. பிறகு டாக்டர் அனுப்பிய நர்ஸ் நம் வீட்டுக்கு வந்தபோது கதவு திறக்கவே இல்லை. இருபது வருஷம் தறிக்கூடச் சத்தத்தில் நின்று காது பாதி போனவள் அம்மா, கதவு தட்டினால் கேட்காது. கேட்டாலும் கேட்காத மாதிரி இருக்க அவளுக்குத் தெரியும்.

அவளை நான் குறை சொல்ல முடியாது எட்வின். உன் தம்பி அர்னால்டை நீ மறந்திருக்க மாட்டாய். மார்ச்சில் நாலு நாள் வெயில் அடித்ததை நம்பி அம்மா அவன் தையலைப் பிரித்தாள், அடுத்த வாரம் நெஞ்சுச் சளி, அதற்கடுத்த வாரம் அவன் இல்லை. அவள்தான் காரணம் என்று நம் வீட்டில் ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை, தினமும் அவளே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் நான் ஒன்றைப் பார்த்துவிட்டேன். ஹெட்டி என் கரிவண்டி கூடவே சர்ச் மேட்டில் ஏறி ஓடி வருவாள், குதிரையைவிட முன்னால் போய் நின்று நாக்கை நீட்டுவாள். பள்ளிக்கூடச் சோதனைக்கு அப்புறம் பாதி மேட்டில் நின்று மிட்டாய்க்கடைக் கண்ணாடியைப் பார்க்க ஆரம்பித்தாள். பிள்ளை மிட்டாய் பார்க்கிறது என்று நானும் வண்டியை நிறுத்தினேன். ஒரு நாள் கடைக்காரர் வீட்டில் சாவு, கடை மூடித் திரை இறக்கியிருந்தது. அன்றைக்கும் நின்று, அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, தோள் ஏறி ஏறி இறங்கியது. அவளைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை அம்மா சபையில் தேநீர்க் கூட்டத்துக்குப் போனதும் நான் கத்தரிக்கோலை எடுத்தேன். ஹெட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கழுத்துப் பக்கம் முதல் தையலை வெட்டியதும், 'அப்பா, இதப் பிரிச்சா நானும் அர்னால்ட் மாதிரி செத்துப்போயிருவேனா?' என்று கேட்டாள். இல்லடா கண்ணு என்று சொன்னேன். எனக்கு நிச்சயமாகத் தெரியுமா என்ன? என் கோட்டுக்குள் அவளைச் சுருட்டிக்கொண்டு, டாக்டர் பிள்ளைகளைப் பார்க்கும் நகரசபைப் பின்னறைக்குத் தூக்கிப் போனேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. குழாயை வைத்துக் கேட்டாள், இடம் மாற்றிக் கேட்டாள், பிள்ளையைச் சாய்த்துப் படுக்கவைத்தும் கேட்டாள். அந்த மூட்டு வலி வளர்ந்ததால் வந்ததே இல்லையாம், தொண்டையில் வந்த காய்ச்சல் மூட்டுக்குப் போய் அங்கிருந்து இருதயத்துக்கு இறங்கிவிட்டதாம். மருந்து கொடுத்தாள். 'மருந்து பாதிதான், படுக்கைதான் மீதி. ஓடக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது, நான் சொல்ற வரைக்கும் எழுந்து நிக்கவே கூடாது. அந்த இருதயத்துக்கு ஓய்வு குடுத்தா தேற வழி இருக்கு, இல்லன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது.'

வீட்டுக்கு வந்து ஃபிளானலைத் திரும்பத் தைத்தேன். சேணம் தைக்கும் ஊசியும் நூலும்தான் எனக்குப் பழக்கம், அவற்றாலேயே தைத்தேன், என் விரல் கரி வேறு துணியில் ஒட்டியிருந்தது. கூட்டத்திலிருந்து வந்த அம்மா தொப்பியைக்கூடக் கழற்றவில்லை, பார்த்ததும் புரிந்துகொண்டாள். டாக்டர் சொன்னதை நான் சொல்லச் சொல்ல அவள் காதில் ஏறவில்லை. 'ஏன்யா, ஒருத்தன மண்ணுல வச்சது போதலையா உனக்கு?' அவ்வளவுதான். என் தையலைப் பிரித்து அவளே நெருக்கமாகத் தைத்தாள், கட்டிலைக் கீழே அடுப்பு அறைக்கு இறக்கினாள், மருந்தையும் வேளை தவறாமல் கொடுத்தாள், என்னோடு மட்டும் பேச்சை நிறுத்திவிட்டாள். அந்த வாரம் ஹெட்டி ஒரு தடவை இருமினாள். அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு நான் எழுந்து குதிரைக் கொட்டிலுக்கே போய்விட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அங்கே நின்று அழுதேன்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் நான் சாப்பிட வந்திருந்தேன். தெருவில் வாத்தியப் பெட்டிக்காரன் வந்து, பெட்டியின் கைப்பிடியைச் சுற்றிப் பாட்டு வாசித்தான். நாங்கள் திரும்புவதற்குள் ஹெட்டி கட்டிலிலிருந்து குதித்து ஜன்னலுக்கு ஓடிவிட்டாள். அம்மா பிடித்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது, பேச்சு வரவில்லை. அம்மா என்னைப் பார்த்து, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து, தறிகளுக்கு நடுவே பெண்கள் பேசிக்கொள்வார்களே அப்படி, 'டாக்டர்' என்றாள். குதிரைக்கு அன்று விழுந்த சாட்டையை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இருந்த லாமண்டைக் கரிமூட்டை மேலேயே உட்காரவைத்துக் கூட்டி வந்தேன், அவளும் மறுபேச்சுப் பேசாமல் ஏறினாள்.

ஹெட்டியை நிமிர்த்திச் சாய்த்து வைத்துவிட்டு டாக்டர் கத்தரிக்கோலுக்குக் கை நீட்டினாள். கத்தரிக்கோல் அம்மாவின் ஏப்ரன் பையில் இருந்தது. அவள் தரவில்லை. 'நானே வெட்டுறேன்' என்று கழுத்திலிருந்து கீழே வரை அவளே வெட்டினாள். டாக்டர் கேட்டு முடித்து, குழாயை அம்மாவின் காதில் மாட்டினாள். அம்மா தலையை ஆட்டினாள், அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. உடனே டாக்டர் அவள் உள்ளங்கையைப் பிடித்துப் பிள்ளையின் இடது மார்பில் வைத்து அழுத்தினாள். ஒரு தடவை தைத்து மூடினால் வசந்தம்வரை நம் வீட்டுப் பிள்ளைகளின் வெறும் மார்பை அம்மா தொட்டதே கிடையாது. அந்தக் கை அங்கேயே இருந்தது. 'இது எத்தன நாளா இப்படி அடிச்சுக்குது?' என்று கேட்டாள். பல வாரமாக இருக்கும் என்றாள் டாக்டர். அப்புறம் அம்மா கையை எடுக்காமலே அர்னால்டைப் பற்றிச் சொன்னாள், தானே பிரித்ததையும் சொன்னாள். டாக்டர் அவளுக்கு நேராகத் திரும்பி, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்: 'அவனுக்கு என்னன்னு நான் பாக்கல, எனக்குத் தெரியாது. ஆனா தையலப் பிரிச்சதால எந்தப் பிள்ளையும் சாகாதும்மா.' அம்மா கேட்கவில்லை என்று காதைக் காட்டினாள். டாக்டர் திரும்பச் சொன்னாள். மறுபடியும் காதைக் காட்டினாள். அவளுக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும், உதட்டைப் படிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

நீலம் மெல்லத் தெளிந்தது. இப்போது எப்படி என்று கேட்பாய். தெரியாது, அதுதான் உண்மை. கோடை வரை படுக்கைதான், அதற்குப் பிறகும் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறாள் டாக்டர். சில நாள் நாடி அமைதியாக இருக்கிறது, சில நாள் தாறுமாறாக ஓடுகிறது. அம்மா காலையிலும் மாலையிலும் மார்பில் கைவைத்துப் பார்த்து, எனக்குத் தலையசைத்துச் சொல்கிறாள். அந்தத் தலையசைப்புக்குப் பிறகுதான் நான் வண்டி பூட்டுகிறேன். அங்கே உன் பிள்ளை கால் வலி என்றால் வளருகிறது என்று சும்மா இருந்துவிடாதே, டாக்டர் எத்தனை மைல் தள்ளி இருந்தாலும் தூக்கிக்கொண்டு போ. ஹெட்டிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, உன் குதிரைகளைப் பற்றி எழுது, பனியில் சறுக்கி விளையாடுவதை மட்டும் எழுதாதே.

உன் பிள்ளைக்கு அம்மா வழக்கம்போல ஃபிளானலும் ஒரு ஜாடி வாத்துக் கொழுப்பும் அனுப்புகிறாள். அதெல்லாம் விடச்சொல்லி யாரும் அவளிடம் சொல்லிப் பிழைக்க முடியாது. ஆனால் பேச்சை நிறுத்திய பிறகு அவள் என்னிடம் வாய்விட்டுச் சொன்ன முதல் வார்த்தை, 'கடைக்குப் போய்ப் பொத்தான் வாங்கிட்டு வா' என்பதுதான். பார்சலைப் பிரித்துப் பார், கழுத்திலிருந்து கீழே வரை தையலுக்குப் பதிலாக வரிசையாகப் பொத்தான். ஹெட்டி போட்டிருப்பதும் அப்படித்தான்.

கர்த்தர் உங்கள் மூவரையும் காக்கட்டும். பிள்ளைக்கு என் முத்தம். ஹெட்டிக்கு எழுத மறக்காதே.

உன் அப்பா
ரூபன் டாட்டர்சால்