டிக் என்று கேட்கவில்லை

நீஷ்,
ஜனவரி 21, புதன்

அன்புள்ள தம்பி மியோத்ராகுக்கு,

உன் அக்கா வெரிட்சா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். லின்ஸில் நீயும் போயானாவும் குழந்தை துன்யாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு என்ன வழி வைத்திருக்கிறாய்? கூப்பிட்டால் எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் போய்ச் சேருவதே இல்லை. பேனா பிடித்துப் பல வருஷம் ஆகிறது, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

இங்கே முழங்கால் அளவு பனி. கடை பரவாயில்லாமல் ஓடுகிறது. விளையாட்டுக் கம்ப்யூட்டர் கட்டிக் கொடு என்று வாரத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். எல்லோருக்கும் உள்ளே விளக்கு எரிய வேண்டும், கண்ணாடிக் கதவு வேண்டும், வண்ணக் கம்பி வேண்டும். கல்யாணப் பெண்ணுக்குக்கூட இத்தனை அலங்காரம் கிடையாது.

எழுத வந்த விஷயம் வேறு. புரெக் ரொட்டி சுட்டு விற்கும் மோமிரை உனக்குத் தெரியும். திங்கட்கிழமை காலையில், கையில் மாவுகூடக் கழுவாமல், அவனுடைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். "வெரிட்சா, என் அடுப்புலகூட இவ்வளவு புகை வந்ததில்ல. உள்ள என்னத்த வெச்சு வேக வெச்ச?" என்றான். திறந்து பார்த்தேன். கிராபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் போகும் அந்தத் தடித்த பிளக் உருகிக் கார்டோடு ஒட்டிக் கிடந்தது. நல்ல வேளையாகப் பக்கத்தில் ஜன்னல் திரையோ துணியோ இல்லை.

உன் கம்ப்யூட்டரிலும் அதே கம்பிதான். ஆகஸ்டில் நீ அதையும் தூக்கிக்கொண்டு லீவுக்கு வந்தபோது பெரிய கார்டு மாற்றி, நம் கால்பந்து அணி நிறத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பின்னிய கம்பி போட்டுக் கொடுத்தேனே, அது. கம்பி விற்றவன் மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டிருக்கிறான் என்று நினைக்கிறேன். என் வேலையில் குறை இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆகவே நேரம் கிடைக்கும்போது பெட்டியின் கண்ணாடிக் கதவைக் கழற்றி, அந்த பிளக் பழுப்பு நிறமாகியிருக்கிறதா என்று பார். அவசரம் என்று இல்லை. ஆனால் இன்றைக்கே பார். பார்க்கும்வரை ஓட்டாதே. துன்யாவையும் தொடவிடாதே.

டிசம்பரில் நம் குடும்பத்தின் காவல் புனிதர் நிக்கோலாவுக்கு எடுத்த ஸ்லாவா விருந்தில் நடந்ததைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. இரண்டு பக்கமும் வார்த்தை தடித்துவிட்டது, அவ்வளவுதான். பஸ் டிரைவர் திஹோமிரிடம் இந்தக் கடிதத்தோடு மூன்று போத்தல் அய்வார் மிளகாய் ஊறுகாய் கொடுத்து அனுப்புகிறேன். காரம் குறைத்துத்தான் செய்திருக்கிறேன், குழந்தையும் சாப்பிடலாம்.

கடவுள் உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா
வெரிட்சா

*

நீஷ், பஸ் நிலையம்
ஜனவரி 24, சனி

மியோத்ராக்,

முதலில் சுவரிலிருந்து அந்த கம்ப்யூட்டரின் கம்பியைப் பிடுங்கு. பிறகு மேலே படி.

பிடுங்கினாயா? பிடுங்காமல் படிக்கிறாய் என்றால் உன்னைப் போல ஒரு கழுதை உலகத்தில் இல்லை. போ, பிடுங்கிவிட்டு வா.

அய்வாரை வாங்கிக்கொண்டு கடிதத்தை மட்டும் உறையோடு திருப்பி அனுப்பியிருக்கிறாய். "போத்தல் போதும், புத்திமதி வேணாம்னு சொல்லுங்க" என்றாயாம். திஹோமிர் வந்து அப்படியே சொன்னார். கேட்டுச் சிரிப்பு வரவில்லை. அதனால் இந்த முறை உறையே போடவில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். திஹோமிர் படிக்கட்டும், பஸ்ஸில் வருகிறவர்கள் படிக்கட்டும், போயானா படிக்கட்டும். நீ கையில் வாங்க மாட்டேன் என்றால் திஹோமிரை வாசலில் நின்று சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீ ஏன் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். உன்னைப் பேச வைப்பதற்காக எனக்கு ஆபரேஷன் என்று ஒரு தடவை புளுகினேன். கடையில் தீப்பிடித்துவிட்டது என்று இன்னொரு தடவை புளுகினேன். அப்போது நீ அலறியடித்துக்கொண்டு கூப்பிட்டாய், நான் சிரித்தேன். இப்போது உண்மையைச் சொன்னால் எவன் காதில் ஏறும்? வியாழக்கிழமை சித்தப்பாவை விட்டுப் பேசச் சொன்னேன். "அக்கா சொல்லிக் குடுத்த பாடமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். நேற்று திஹோமிர் தன் போனிலிருந்து கூப்பிட்டபோது, "போன தடவ ஊறுகாய், இந்தத் தடவ நெருப்பா?" என்றாயாம். உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கும் கூப்பிட்டேன், எனக்குத் தெரிந்த நாலு ஜெர்மன் வார்த்தையில். தீ எரிகிறதா என்று கேட்டார்கள். இன்னும் இல்லை என்றேன். வைத்துவிட்டார்கள். என் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது, புதியதுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கையில் கிடைக்கப் பத்து நாள் ஆகுமாம். இல்லாவிட்டால் இந்தக் காகிதத்துக்குப் பதில் நானே இந்த பஸ்ஸில் வந்திருப்பேன்.

போன கடிதத்தில் பொய் எழுதியிருந்தேன். நீ படிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கம்பிமேல் பழி போட்டேன். கம்பியில் குற்றம் இல்லை. அதே கம்பி போட்ட வேறு நாலு கம்ப்யூட்டர்களை இந்த மூன்று நாளில் வீடு வீடாகப் போய்த் திறந்து பார்த்தேன். நாலும் நன்றாக இருக்கின்றன. மோமிரின் பிளக்கை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு நகக்கண் அளவு வெளியே நின்றிருக்கிறது. அந்த பிளக் உள்ளே போய் உட்காரும்போது டிக் என்று ஒரு சத்தம் வரும். வராவிட்டால் அது சரியாக உட்காரவில்லை. அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும், சூடேறும், உருகும். இந்த வேலையில் நேற்றுப் பிறந்தவனுக்கும் இது தெரியும்.

உன்னுடையதில் எனக்கு டிக் கேட்கவில்லை, மியோத்ராக்.

பழைய குறுகலான பெட்டி, புதிய பெரிய கார்டு. நீ போக வேண்டிய பஸ் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பிளக்கை அழுத்தினேன், சத்தம் வரவில்லை. கம்பி முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. கண்ணாடியை வைத்து முழங்காலால் அழுத்தி மூடினேன். நீ பக்கத்தில் நின்று, "அக்கா, கண்ணாடி பிதுங்குதே?" என்று கேட்டாய். "உனக்கு என்னடா தெரியும், போய் பஸ்ஸப் பிடி" என்றேன். பெரிய பெட்டி வாங்கலாம் என்று சொல்ல என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. இந்தப் பெட்டியிலேயே அடக்கிக் காட்டுகிறேன் என்று வாய்ச்சவடால் அடித்திருந்தேன்.

அக்டோபரில் நீ கூப்பிட்டுச் சொன்னதெல்லாம் சரி. விளையாட்டு சூடுபிடிக்கும்போது திரை கறுத்துப் போகிறது, காற்றாடி ஊளையிடுகிறது, ஏதோ கருகிய வாடை வருகிறது என்றாய். தூசி தட்டு என்றேன், புது பிளாஸ்டிக் வாடை என்றேன். கடைசியில் ஸ்லாவா அன்று, மேஜை முழுக்கச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்க, வீடியோ அழைப்பில் நீயும் உன் மாமனாரும் பார்த்துக்கொண்டிருக்க, "நாலாம் வகுப்புக் கணக்கே வராதவன் என் வேலைல நொட்டை சொல்றான் பாருங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ அழைப்பைத் துண்டித்துவிட்டாய். என் மூக்கைவிட உன் மூக்கு சரியாக வேலை செய்திருக்கிறது. அந்த வாடை பிளக் கருகும் வாடைதான். அப்போதே எனக்கு லேசாக உறைத்தது. உறைத்ததால்தான் அவ்வளவு கத்தினேன்.

மூன்று நாளாக எனக்கு ஒரு காட்சிதான் கண்ணுக்குள் நிற்கிறது. வீட்டில் இடம் இல்லை, கம்ப்யூட்டரைத் துன்யாவின் கட்டிலுக்கும் ஜன்னல் திரைக்கும் நடுவில் வைத்திருக்கிறோம் என்று நீ சொன்னாய். பள்ளி விட்டு வந்து, போயானா வரும்வரை அவள் தனியாகத்தான் அதில் விளையாடிக்கொண்டிருப்பாள் என்றாய். உள்ளே பூட்டிக்கொள்ள வேண்டும், யார் தட்டினாலும் திறக்கக் கூடாது என்று பழக்கியிருக்கிறீர்கள். அவள் சொல் பேச்சுக் கேட்கும் பிள்ளை. புகை வந்தாலும் திறக்க மாட்டாள்.

நான் சொன்னால் நம்ப மாட்டாய் என்பதால், மோமிரின் கார்டிலிருந்து அறுத்தெடுத்த பிளக்கை இந்தக் காகிதத்தோடு கம்பி போட்டுக் கட்டியிருக்கிறேன். மோந்து பார். உன் வீட்டில் வந்த வாடையும் இதுவும் ஒன்றா இல்லையா என்று நீயே சொல்.

திஹோமிர் இதையெல்லாம் இப்போதே படித்துவிட்டார். "ஏம்மா, இது ஊருக்குள்ள பரவினா உன் கடைக்கு எவன் வருவான்? உறையில போட்டு ஒட்டிக் குடு" என்றார். வேண்டாம் என்றேன். ஒட்டினால் நீ திறக்க மாட்டாய். கடை போனால் போகட்டும்.

பேச வேண்டாம். மன்னிக்க வேண்டாம். அடுத்த ஸ்லாவாவுக்கு வர வேண்டாம். பிடுங்கியாயிற்று என்று ஒரே ஒரு சொல் திஹோமிரிடம் சொல்லி அனுப்பு. பஸ் திரும்பும்வரை நான் இந்த நிலையத்திலேதான் இருப்பேன்.

நான் வேண்டாம் என்றால் நான் இல்லாமலே மூன்று பேரும் இருங்கள். ஆனால் இருங்கள், தம்பி.

வெரிட்சா