ராத்தா, எங்கள் கொம்பனி சந்தைக்குத் திரும்பிவிட்டது

நான் வாய் திறக்கும் முன்பே "என்ன புள்ள?" என்று திரும்பிப் பார்க்கும் என் அக்கா, ஜெசீமா ராத்தாவுக்கு,

கொம்பனி வந்துவிட்டது, ராத்தா. ஐந்து வருஷத்துக்கு மேல் பத்திரிகையின் பங்குச் சந்தைப் பக்கத்தில் வெறும் ஒரு கோடாகக் கிடந்த நம்முடைய தொலைபேசிக் கொம்பனி, போன கிழமை மறுபடியும் சந்தைக்கு வந்துவிட்டது. இதை முதலில் யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். உங்களிடம்தான் என்று முடிவு செய்த பிறகுதான், நீங்கள் மௌத்தாகி, கண் மூடி இரண்டு வருஷம் ஆகப் போகிறது என்பது ஞாபகம் வந்தது.

அதனால் எழுதுகிறேன். நம்மைப் போலக் காத்திருந்த மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று இதைப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். நீங்கள் கோபிக்க மாட்டீர்கள். எதையும் நாலு பேரோடு இருந்து கதைப்பதுதானே உங்களுக்குப் பிடிக்கும்.

சண்டை நின்று வன்னிக்குப் பாதை திறந்த காலம் ஞாபகம் இருக்கிறதா? வவுனியா பஸ் நிலையம் முழுக்கப் புது முகங்கள். நான் பூவரசங்குளத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து, வெளிநாட்டுக்குக் கதைக்கிற அந்தச் சின்னத் தொலைபேசிக் கடையில் வேலை செய்தேன். பக்கத்துக் கடையில் நீங்கள் துணி விற்றீர்கள். தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனத்தோடு முல்லைத்தீவை விட்டு அனுப்பப்பட்டு, புத்தளத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்து, கணவரை அங்கேயே அடக்கிவிட்டு, மகள் சபீனாவையும் அங்கேயே கட்டிக் கொடுத்துவிட்டு, ஊருக்குத் திரும்புகிற வழியில் பாதியில் தங்கியிருந்தீர்கள்.

மத்தியான வெயிலில் ஆள் வராத நேரம் என் கடைக்கு வருவீர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் போய் இருந்து, ரிசீவரைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வீர்கள். எண் ஒன்றும் அழுத்தமாட்டீர்கள். முதல் நாள் நான் பயந்துபோய், யாருக்குப் பேசுறீங்க என்று கேட்டேன்.

"ஒருத்தருக்கும் இல்ல, புள்ள. முல்லைத்தீவில என்ட வீட்டில இருந்து கதைக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறன். கடல் சத்தம் கேக்குது."

நான் அதுவரை முல்லைத்தீவைப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தப் பெட்டிக்கு வெளியே நின்றபோது எனக்கும் ஏதோ இரைச்சல் கேட்டதுபோல இருந்தது. தெருவில் போன லொறியாக இருந்திருக்கலாம்.

அந்தக் கடைக்குத்தான் ஒருநாள் கொழும்புப் பங்குத் தரகர் ஒருவரின் ஆள் வந்தார். ஒரு தொலைபேசிக் கொம்பனி பொதுமக்களுக்குப் பங்கு விற்கிறது, சின்ன ஆட்களும் வாங்கலாம் என்று சொன்னார். அப்படி வாங்கினால் நானும் அதற்குச் சொந்தக்காரியா என்று பெட்டிக்குள் இருந்தபடியே கேட்டீர்கள். ஓம், சின்னச் சொந்தக்காரி என்றார் அவர். அப்படியென்றால் சொந்தக்காரி கேட்டால் முல்லைத்தீவுக்கு லைன் இழுக்கமாட்டார்களா என்றீர்கள். அவர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை.

ஆங்கிலப் படிவத்தை நிரப்பித் தந்தவர் தங்கராசா ஐயா. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் கிளாக்கராக இருந்தவர், பென்சன் விஷயமாக வவுனியாவுக்கு வந்து போகிறவர். நம் இருவருக்கும் நிரப்பிவிட்டு, பேனையை மூடாமல் கொஞ்ச நேரம் யோசித்து, தனக்கும் ஒன்று நிரப்பினார். தேயிலைத் தோட்டத்தில் ஒரு செடிகூடச் சொந்தமில்லாமல் மூன்று தலைமுறை கொழுந்து பறித்த குடும்பத்தில் பிறந்தவள் நான். ஒரு கொம்பனியில் எனக்குப் பங்கு இருக்கிறது என்ற கடிதம் தபாலில் வந்த அன்று, அதில் இருந்த என் பெயரை நாலு தரம் வாசித்தேன்.

பிறகு என்னை முல்லைத்தீவுக்குக் கூட்டிப் போனீர்கள். வீடு என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தது நாலைந்து சுவர்கள்தான். உள்ளே இடுப்பளவுக்குப் பற்றை. மேலே வானம். நீங்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனீர்கள். இது குசினி, இது சபீனா பிறந்த அறை, இந்த யன்னலடியில் ஒரு சின்ன மேசை, அதில்தான் ரெலிபோன் என்று கை நீட்டிக் காட்டிக்கொண்டே நடந்தீர்கள். அந்த வெயிலில், கடற்காற்றில், எனக்கும் அந்த மேசை தெரிந்தது. அதன் மேல் விரித்த துணியின் பூவேலைகூடத் தெரிந்தது.

அடுத்த வருஷம் நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. பங்கு விலை ஏறியிருந்தது. விற்றால் அந்த வீட்டுக்குக் கூரை போடலாம், நோன்புப் பெருநாளுக்குக் குடிபோகலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தீர்கள். தரகருக்கு ரெலிபோன் எடுத்துத் தரச் சொன்னீர்கள். நான் எடுக்கவில்லை.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பொறுங்க, ராத்தா. இன்னும் ஏறும்," என்றேன்.

எனக்கு என்ன தெரியும்? பத்திரிகையில் ஒரு பக்கம் வாசிக்கப் பழகியிருந்தேன், அவ்வளவுதான். நீங்கள் என்னை நம்பிப் பொறுத்தீர்கள். மாசம் முடிய முன்பே செய்தி வந்தது. நம் கொம்பனியை இன்னொரு கொம்பனி வாங்கப் பார்க்கிறதாம், வழக்குப் போட்டிருக்கிறார்களாம். முடியும் வரை பங்கை வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. அடுத்த நாள் பத்திரிகையில் விலை இருந்த இடத்தில் ஒரு கோடு.

"சந்தை எண்டால் சத்தம் இருக்க வேணும். இது பூட்டுப் போட்ட சந்தை," என்றீர்கள். அவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

கூரை போடவில்லை. பெருநாள் வவுனியாவிலேயே போனது. அந்த மார்கழியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் வந்தது.

அன்று, ஊர்ச் செய்தி தெரிந்திருக்கும் என்று நீங்கள் சொன்ன ஒவ்வொரு எண்ணுக்கும் எடுத்துப் பார்த்தேன். முல்லைத்தீவுக்குப் போகிற லைன் ஒன்றுகூட இல்லை. மூன்றாம் நாள் பஸ்ஸில் வந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. உங்கள் சுவர்கள் இல்லை. முன்பே ஊருக்குத் திரும்பிப் போயிருந்த உங்கள் பெரியம்மாவின் மகள் பரீதாவும் இல்லை. நீங்கள் என் கடை வாங்குப் பலகையில் வந்து இருந்தீர்கள். பிறகு என் கையைப் பிடித்தீர்கள்.

"கூரை போட்டிருந்தால் நானும் அங்கதான், ராணி. கொம்பனி நிண்டதாலதான் நான் இப்ப உயிரோட நிக்கிறன்."

அது உண்மைதான். ஆனால் என் மனதில் இருந்தது உங்களுக்குத் தெரிந்துதான் அப்படிச் சொன்னீர்களா? இத்தனை வருஷமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு பங்குதாரர் கூட்டம் என்று கடிதம் வந்தபோது, நான் வேண்டாம் என்றும் கேட்காமல் என்னையும் இழுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனீர்கள். பெரிய ஹோட்டல் மண்டபம். கால் புதையும் கம்பளம். குளிரில் நீங்கள் முந்தானையை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டீர்கள். பங்கு எப்போது சந்தைக்குத் திரும்பும் என்று எல்லோரும் கோபமாகக் கேட்டார்கள். நீங்கள் கையை உயர்த்தினீர்கள். ஒலிவாங்கியைக் கொண்டுவந்து தந்தார்கள். மண்டபத்தில் அன்று தமிழில் பேசியது நீங்கள் ஒருவர்தான்.

"நான் முல்லைத்தீவு. கடல் முதலில கிழக்கில அடிச்சிட்டுத்தான் எங்கட ஊருக்கு வந்ததாம். ஒரு ரெலிபோன் இருந்திருந்தால் ஒருத்தராவது எங்கட சனத்துக்கு ஓடுங்கோ எண்டு சொல்லியிருப்பாங்க. பங்கு வாற நேரம் வரட்டும். லைன் எப்ப வரும்?"

ஒருவர் அதை மொழிபெயர்த்தார். மேடையில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். குறித்துக்கொள்கிறோம் என்று மட்டும் சொன்னார். திரும்பி வருகிற வழியெல்லாம் பஸ் யன்னலில் தலை சாய்த்துத் தூங்கினீர்கள். சிரித்தபடி தூங்கினீர்கள், ராத்தா. என்ன கனவு கண்டீர்கள் என்று நான் கேட்காமலே விட்டுவிட்டேன்.

பிறகு சண்டை மறுபடியும் மூண்டு பாதை பூட்டியது. தங்கராசா ஐயா அதற்கு அப்பால், பரந்தன் பக்கம் நின்றுவிட்டார். நாம் இருவரும் தினமும் காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்து கோட்டைப் பார்த்தோம். அது ஒரு பழக்கமாகி, பழக்கம் ஒரு சுகமாகியது. கொம்பனி வந்ததும் என்ன செய்வது என்று நாளுக்கு ஒரு திட்டம் சொல்வீர்கள். ஒருநாள் நாயாற்றில் மீன்பிடி வள்ளம். இன்னொரு நாள் வவுனியாவில் இரண்டு தட்டு மாடித் துணிக்கடை. மற்றொரு நாள் ஹஜ். ஒரு திட்டத்தை இரண்டாம் தரம் சொல்லிக் கேட்டதில்லை.

நெஞ்சு வருத்தத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் பத்திரிகை கொண்டுவரச் சொன்னீர்கள். இன்றைக்கும் கோடுதான் என்றேன்.

"கோடு எண்டால் இருக்குது எண்டுதானே அர்த்தம்? இல்லாட்டிப் பேரையே எடுத்திருப்பாங்க."

அதுதான் நீங்கள் என்னோடு கதைத்த கடைசிக் கதை. புத்தளத்திலிருந்து சபீனா வந்து சேர்ந்தாள். அடக்கம் செய்கிற மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. படலையடியில் சபீனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, உங்கள் ஜனாஸாவைத் தூக்கிப் போனவர்கள் தெருமுனையில் திரும்பும் வரை பார்த்தேன்.

இந்த வருஷம் நடந்ததை எப்படிச் சொல்ல? சண்டை முடிந்தது. முடிந்த விதத்தை நீங்கள் பார்க்காமல் போனது நல்லது. எங்கள் பக்கம் முழுக்க, வன்னியிலிருந்து வந்த சனத்தை அடைத்து வைத்த தறப்பாள் கூடாரங்கள், அதைச் சுற்றி முட்கம்பி. கம்பிக்கு இப்பால் நின்று உறவுகளைத் தேடுகிற சனத்தோடு நானும் போய் நின்றேன். எனக்கு அங்கே உறவு யாரும் இல்லை. ஆனாலும் போனேன். நாலாம் தரம் போனபோது தங்கராசா ஐயாவைக் கண்டேன்.

பாதியாகிவிட்டார். கண்ணாடி இல்லை. என்னைக் குரலில்தான் பிடித்தார். மனுசி கடைசிச் சண்டையில் மாத்தளனில் செத்துப் போய்விட்டா என்றார். வீடு, பெட்டி, பத்திரங்கள், அடையாள அட்டை எல்லாம் போய்விட்டது என்றார். நான் கம்பிக்கு இன்னும் கிட்டப் போனேன். அவரே கேட்டார், கொம்பனி வந்திட்டுதோ என்று. இன்னும் இல்லை ஐயா, ஆனால் உங்கள் பெயர் கொழும்பில் பதிவில் இருக்கிறது, கடிதம் தொலைந்தாலும் அது தொலையாது என்றேன்.

"என்ட பேர் இருக்குதோ?" என்றார். பிறகு இன்னொரு தரம் அதையே கேட்டார்.

வழக்கு முடிந்து, போன கிழமை அந்த நாள் வந்தது. இப்போது வவுனியாவிலேயே ஒரு தரகர் அலுவலகம் இருக்கிறது, ராத்தா. சந்தை திறக்க முன்பே போய்க் கதிரையில் இருந்தேன். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடின. நம் கொம்பனியின் பெயர் வந்தது. பக்கத்தில் கோடு இல்லை, இலக்கம் இருந்தது. நாம் வாங்கியதைவிடக் கொஞ்சம் கீழே. பெரிய இலாபமும் இல்லை, பெரிய நட்டமும் இல்லை. "வந்திட்டுது ராத்தா" என்று சொல்லிக்கொண்டே பக்கத்துக் கதிரைப் பக்கம் திரும்பினேன். அதில் ஒரு மனிதர் கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். ஓம் தங்கச்சி, வந்திட்டுது என்று அவர் சொன்னார். அவரும் ஐந்து வருஷம் காத்திருந்தவராம்.

என்னுடையதில் பாதியை விற்றேன். தங்கராசா ஐயாவுக்குக் கண்ணாடி செய்து கொடுத்தேன். அடையாள அட்டை வந்ததும் அவருடைய பங்கையும் விற்றுத் தரவா என்று கேட்டேன்.

"நான் விக்கவோ கேட்டனான், பிள்ளை? வந்திட்டுதோ எண்டுதான் கேட்டனான்."

பிறகு சபீனாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். உங்கள் பங்கு இனி அவளுடையது என்று சொல்லிவிட்டு, கூரை விஷயத்தையும் சொன்னேன். உன் உம்மா விற்கக் கேட்டபோது தடுத்தது நான்தான் என்று இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். 

"உம்மா எனக்குச் சொல்லியிருக்காங்க, ராணி சாச்சி," என்றாள். "நீங்க எடுத்துத் தரல்ல எண்டதும் மனசுக்குள்ள சந்தோசப்பட்டாங்களாம். அந்த வீட்டில தனிய இருக்க அவங்களுக்குப் பயமாம். உங்களையும் விட்டுட்டுப் போக மனமில்லையாம்."

இது உண்மையா, ராத்தா? இல்லை, மகளும் உங்களைப் போலவே என் மனதைப் பார்த்துச் சொன்னாளா? உங்களிடம் கேட்க வழி இல்லை. ரிசீவரை வைத்த பிறகும் கடைக்குள்ளேயே நின்றேன். வெளியே மாரி மழை பிடித்திருந்தது. கன நாளுக்குப் பிறகு நெஞ்சில் மூச்சு முழுசாக இறங்கியது.

சபீனா வருகிற மாதம் பங்கைத் தன் பெயருக்கு மாற்ற வருகிறாள். கைப்பிள்ளையோடு வருவாள், எங்கள் வீட்டில்தான் தங்குவாள். விற்பதா, வைத்திருப்பதா சாச்சி என்று அவள் என்னைக் கேட்பாள், எனக்குத் தெரியும். இந்தத் தடவை நான் பொறு என்றும் சொல்லமாட்டேன், வில் என்றும் சொல்லமாட்டேன். அவள் கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

சபீனாவின் சாச்சி,
ஒரு வயிற்றில் பிறக்காத உங்கள் தங்கச்சி,
ராணி
பூவரசங்குளம்