பதினொரு கட்டம்

ஞாயிறு இரவு. பொழுதுபடத் தொடங்கின மழை இன்னும் விடேல்ல.

எங்கட வாவியைப் படமா வைச்சு ஒரு கம்பியூட்டர் போர் விளையாட்டைத் திருத்திக் கொண்டிருக்கிறன். நேற்று வரைக்கும் அதில பீரங்கிக் குண்டு எட்டுக் கட்டம் பாயும். இண்டைக்குப் பின்னேரம் அத்தான் தேத்தண்ணிக் கோப்பையோட வந்து எனக்குப் பின்னால நிண்டார். அக்காவைக் கட்டின இந்த ஒரு வருசத்தில என்ட கம்பியூட்டர்ப் பக்கம் அவர் வந்ததே இல்லை.

"எட்டுக் காணாது தங்கச்சி. இதுக்குள்ள இருந்து அடிச்சா பதினொண்டு போகும்," எண்டு மற்றக் கரையில ஒரு பற்றையில விரலை வைச்சார். பிறகு மோட்டார் சைக்கிள் கழுவப் போயிட்டார்.

பீரங்கியை அந்தப் பற்றைக்குள்ள வைச்சு, எட்டை அழிச்சுப் பதினொண்டு போட்டன். குண்டு போற தூரத்தைக் காட்டுற சிவப்பு வட்டம் பெருத்து, தண்ணியைத் தாண்டி, எங்கட வீட்டு வளவுக்க வந்து நிண்டது. சரியாக் கிணத்தடியில. சண்டைக்க அப்பா பீரங்கிச் செல் விழுந்து செத்த இடம். படத்தில நான் வீட்டையும் கீறேல்ல, கிணத்தையும் கீறேல்ல.

அத்தான் கலியாணத்துக்குப் பிறகுதான் இந்தக் கரைக்கு வந்தவர். முன்னம் எங்க இருந்தவர், என்ன செய்தவர் எண்டு அக்கா கேட்டாவோ தெரியாது.

இராச் சாப்பாட்டில அவரே கேட்டார்.

"வட்டம் எதுவரைக்கும் வந்தது?"

"வாவிப் பாலம் வரைக்கும்," எண்டு பொய் சொன்னன்.

அக்கா அவருக்குச் சோறு போட்டுக் கொண்டிருந்தா. அவர் சோத்துக் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார்:

"இல்ல தங்கச்சி. இன்னும் இஞ்சால வரும்."