முழங்காலில் ஒரு தட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

கல்லூரியில் சேர்ந்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல். மீதியை வாசித்துக் காட்டாதே.

பள்ளியில் பெயர் கூப்பிடும்போது, காது கேளாத எனக்கு முழங்காலில் தட்டிச் சொல்வது நம் தம்பிதான். இங்கே பக்கத்தில் யாரும் இல்லை. அவன் தவளக்குப்பத்துக் கல்லறையில் கிடக்கிறான்.

ஆனாலும் என் முறை வந்ததும் தினமும் சரியாக எழுந்து நிற்கிறேன். குனிந்தபடியே பெயர் கூப்பிடுகிற வாத்தியார் முசியே நேற்று என் முகத்துக்கு நேரே வந்து, மெதுவாக உதடசைத்தார்.

"ஒனக்கு எப்படிரா தெரியுது?"

முழங்கால் இன்னும் சூடாக இருந்தது.

கல்லறைத் திருநாள் வருகிறது. மெழுகுத்திரி ஏற்றி, "ஆண்டவர்கிட்ட போய்ச் சேருப்பா" என்று அம்மா அழுவாள். இந்த வருஷம் மட்டும் எப்படியாவது தடுத்துவிடு. அவனும் போய்விட்டால் என்னை யார் எழுப்புவது?

உன் பெரிய தம்பி