கதவைச் சாத்திச் சொன்ன சொற்கள்

குன்மிங், சீனா
5 அக்டோபர் 2008

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் மூங்கில் குழலில் அடைத்துக் கொடுத்த நாபாம் விமானம் முழுக்க மணந்தது. பக்கத்தில் இருந்தவர் தன் காலணியைக் கழற்றி மோந்து பார்த்தார். கருவாட்டு வாசனை என் பையிலிருந்துதான் வருகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வகுப்பிலும் அப்படித்தான், வாயைத் திறப்பதில்லை. ஆனால் பாடம் பிடித்திருக்கிறது. மூன்றை நாம் 'தாம்' என்கிறோம், இவர்கள் 'சான்' என்கிறார்கள். பெயருக்கு நாம் 'முங்', இவர்கள் 'மிங்'. சீனமும் நம் போடோ மொழியும் எப்போதோ ஒரே அடுப்பில் குளிர் காய்ந்தவை என்று பேராசிரியர் தாவ் அம்மையார் சொல்கிறார். அன்று எனக்கு இரண்டு கிண்ணம் சோறு இறங்கியது.

ஒரு சிக்கல். நான் கிளம்பும் முன் என் ஆய்வுக்காக நீங்களும் பெரியண்ணனும் சொற்பட்டியலை வாசித்துக் கொடுத்த ஒலிப்பதிவு சரியில்லையாம். அவர் வாசலில், நீங்கள் தறிக்குப் பின்னால். நடுவில் வாத்துகளின் கத்தல். மூத்தாரும் தம்பி மனைவியும் ஒரு பாயில் உட்காரக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது என்று அம்மையாரிடம் சொல்ல நினைத்தேன். சொல்லாமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஒரே வீட்டு ஆண் குரலும் பெண் குரலும், ஒன்றன்பின் ஒன்றாக, பக்கத்திலிருந்து வேண்டுமாம். உங்களவர் சின்னண்ணனோ பெங்களூரில் இருக்கிறார், வீட்டில் இருக்கும் ஆண் குரல் பெரியண்ணனுடையதுதான். நம் ஊர்ப் பையன் லாபாவிடம் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. இருவரும் ஒரு பாயில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, முதலில் அவரவர் பெயரைச் சொல்லிவிட்டுப் பட்டியலை வாசியுங்கள். லாபா வெளியே நிற்கட்டும். மூன்றாவது ஆளின் மூச்சுகூடப் பதிவில் விழுந்துவிடுகிறது.

வெறும் பட்டியல்தானே அண்ணி. அதில் இருப்பது யாரும் யாருக்கும் சொல்லும் சொல் இல்லை. இது இல்லாவிட்டால் என் உதவித்தொகை நின்றுவிடும். ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

உங்கள்
ஆலாரி


தோய்மாகுரி, கொக்ரஜார், அசாம்
28 அக்டோபர் 2008

அன்புத் தங்கை ஆலாரிக்கு,

நீ சொன்னபடியே செய்துவிட்டோம். அம்மா சந்தைக்குப் போயிருந்தார். உன் பெரியண்ணன், அதான் பெரியவர், முதலில் ஒப்பவில்லை. முற்றத்தில் நாம் சாமியாகக் கும்பிடும் சிஜுக் கள்ளியைப் பார்த்தபடி நின்றார். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னார், எனக்குத்தான் சொன்னார்: "பொண்ணு நம்ம மொழிய சீனா வரைக்கும் தூக்கிட்டுப் போயிருக்கு. நாம ஒரு கதவச் சாத்துனா என்ன கொறஞ்சிடும்?"

பாயின் ஓரத்தில் அவர், இந்த ஓரத்தில் நான். அவர் 'வா' என்றார், நான் 'வா' என்றேன். அவர் 'போ', நான் 'போ'. கை, மார்பு, இரத்தம், படு, எழு என்று போய்க்கொண்டே இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேயில்லை.

வெளியே வந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ரொங்ஜாலி நிற்கிறாள். "என்னடி பிபாரி, பட்டப்பகல்ல கதவச் சாத்திக்கிட்டு மூத்தாரு 'படு'ங்கறாரு, நீயும் 'படு'ங்கற! சீனாக்காரன் இதத்தான் படிக்கிறானா?"

"ஆமாக்கா, அடுத்து உன்னத்தான் படிக்கப் போறானாம்" என்று நானும் சிரித்துவிட்டேன். சிரித்திருக்க வேண்டாமோ என்று பிறகு தோன்றியது.

பட்டுப்புழு நன்றாக இலை தின்கிறது. உனக்குக் குளிருக்கு ஒரு போர்வை தறியில் ஏற்றியிருக்கிறேன்.

உன் அண்ணி
பிபாரி


குன்மிங்
16 நவம்பர் 2008

அன்புள்ள அண்ணிக்கு,

பதிவு வந்தது. கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார் அம்மையார். நேற்று ஒரு கூடம் நிறைய ஆட்கள் உங்கள் இருவர் குரலையும் கேட்டார்கள். குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று திரையில் கோடாக ஓடியது. 'எழு' என்ற சொல்லுக்கு முன் நீங்கள் மெல்ல மூச்சு விடுவதுகூடக் கேட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். ஜனவரியில் ஆய்வுக்கு ஒப்புதல் கிடைத்துவிடும் என்கிறார்கள்.

ரொங்ஜாலி அக்காவை விடுங்கள். அவர் வாய் எப்போதும் அப்படித்தானே.

உங்கள்
ஆலாரி


தோய்மாகுரி
2 டிசம்பர் 2008

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. கை தட்டினார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா எழுந்து வாத்துகளுக்குத் தவிடு வைக்கப் போய்விட்டார்.

ரொங்ஜாலி சிரித்துச் சொன்னது ஊர் முழுக்கப் பரவி, போன வாரம் ஊர்க்கூட்டம் போட்டார்கள். "யார் சொல்லிக் கதவச் சாத்துனீங்க?" என்று தலைவர் கேட்டார். பெரியவர் எழுந்து, "யாரும் சொல்லல, நான்தான்" என்றார். லாபா பேச வாயெடுத்தான். பெரியவர் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டான். தலைவர் என் பக்கம் திரும்பினார். நானும் உன் பெயரைச் சொல்லவில்லை. இந்த ஊரில் கல்லூரி படித்த முதல் பெண் நீ. உன்னைக் காட்டித்தான் இப்போது எல்லோரும் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்.

ஒரு பன்றியும் வெற்றிலைப் பாக்கும் அபராதம். இருவர் மேலும் துளசித் தண்ணீர் தெளித்தார்கள். அதோடு முடிந்தது என்றார்கள். பெரியவர் இப்போது வயல் குடிசையில்தான் படுக்கிறார். சோற்றை அம்மா கொண்டுபோய் வைக்கிறார்.

பெங்களூருக்கு யாரோ போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். உன் சின்னண்ணன் என்னிடம் பேசியது ஒரே வார்த்தைதான்: "துளசித் தண்ணி காதுக்குள்ள போகுமா பிபாரி?" ஜனவரியில் மாகு தோமாசித் திருவிழாவுக்கு வருகிறாராம்.

தலைவர் நேற்றும் வந்து கேட்டார், "வேற யாராச்சும் சொல்லித்தான் செஞ்சீங்களாம்மா, இருந்தா எழுதிக் கொடுக்கச் சொல்லு" என்று. நீ கவலைப்படாதே. படிப்பைப் பார்.

போர்வை பாதி ஆகியிருக்கிறது.

உன் அண்ணி
பிபாரி


குன்மிங்
15 ஜனவரி 2009

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

உங்கள் கடிதம் டிசம்பர் நடுவிலேயே கிடைத்துவிட்டது. அன்றே தலைவருக்கு எழுதினேன். கதவைச் சாத்தச் சொன்னது நான், லாபாவை வெளியே நிறுத்தச் சொன்னது நான், வழக்கம் தெரிந்தும் சொன்னேன் என்று. தபால்தலையும் ஒட்டினேன்.

பெட்டியில் போடவில்லை. ஊர் அந்தப் பதிவை அழிக்கச் சொன்னால் என்ன செய்வது என்று பயந்தேன். ஒப்புதல் வரும்வரை பொறுக்கலாம் என்று கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டே நடந்தேன். கையை உள்ளே விடும்போதெல்லாம் தட்டுப்பட்டது. அதனால் கையை வெளியே வைத்துக்கொண்டேன். விரல்கள் குளிரில் வெடித்துவிட்டன.

நேற்று ஒப்புதல் வந்தது. இன்று இரண்டு கடிதங்களையும் சேர்த்துத் தபாலில் போடுகிறேன். ஒப்புதல் வராமல் இருந்திருந்தால் போட்டிருப்பேனா என்று என்னையே கேட்கிறேன். பதில் தெரிந்தாலும் உங்களுக்கு எழுதக் கூசுகிறது.

தினமும் காதில் உங்கள் குரல்தான். நீங்கள் 'வா' என்பதைக் கேட்டுத் திரையில் ஓடும் கோட்டை அளக்கிறேன். பயந்த குரல் அது. இத்தனை நாளும் எனக்கு அது கேட்கவில்லை. சொல்லுங்கள், பதிவை அழித்துவிடுகிறேன். பட்டம் போனால் போகட்டும்.

சின்னண்ணன் வந்தாரா? ஒரு வரி எழுதுங்கள் அண்ணி. திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள்
ஆலாரி


பன்ஸ்பாரி, என் அம்மா வீடு
8 பிப்ரவரி 2009

ஆலாரிக்கு,

உன் கடிதத்தைத் தலைவர் ஊருக்கு முன்னால் வாசித்தாராம். லாபா வந்து சொன்னான். ரொங்ஜாலி தலையில் அடித்துக்கொண்டு, "இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன இந்தப் புள்ளைக்கு" என்று அழுதாளாம். அபராதப் பன்றியைத் திருப்பித் தருகிறோம் என்றார்களாம். எந்தப் பன்றியை? அதைத் தின்று எத்தனையோ நாளாகிறது.

உன் சின்னண்ணன் தோமாசிக்கு வந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தறியைக் கட்டை கட்டையாகக் கழற்றி வண்டியில் ஏற்றி, என்னையும் அதிலேயே இங்கே அனுப்பிவிட்டார். உன் போர்வை அதிலேயே இருந்தது. அவர் பெங்களூர் திரும்பிய பிறகுதான் உன் கடிதம் வந்தது.

இப்போது போன் செய்கிறார். 'வா' என்கிறார். உன் பட்டியலில் முதல் சொல் அதுதான். யாரும் யாருக்கும் சொல்லும் சொல் இல்லை என்று எழுதியிருந்தாய்.

கழற்றிய தறியை இங்கேயே மறுபடி பூட்டிவிட்டேன். உன் போர்வையின் நூலைப் பிரித்து என் அம்மாவுக்கு ஒன்று நெய்கிறேன்.

பதிவை அழிக்க வேண்டாம். பெரியவர் உனக்காகத்தான் அந்தப் பாயில் உட்கார்ந்தார். அவர் குரல் அங்கேயாவது மதிப்போடு இருக்கட்டும். என் குரலும் இருந்துவிட்டுப் போகட்டும். தொடக்கத்தில் நீ கேட்டபடி என் பெயரைச் சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் எடுத்துவிடச் சொல். பெயருக்கு அங்கேயும் ஏறக்குறைய நம் சொல்தான் என்றாயே, சொன்னால் அவர்களுக்குப் புரியும்.