மரகதத்தைக் கரையேற்றியது யார்

கோவில்பட்டி
24-10-1997

அன்பு மகள் பொன்மணிக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க செண்பகவல்லி அம்மன் துணையிருக்கட்டும். இங்கே இன்னும் மழை இறங்கவில்லை, தீப்பெட்டிக் குச்சி காயப்போடுகிற எனக்கு அது நல்லது, பருத்தி போட்டவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உனக்குக் கடலைமிட்டாய் கொடுத்துவிட அம்மா ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள்.

மனசு ஆறாமல்தான் எழுதுகிறேன். தூத்துக்குடி மாமாவின் மரகதம் போய்விட்டது. லீவுக்குப் போனால் நீ ஏறி நின்று சங்கு ஊதுவாயே, அந்த நீராவி இழுவைப் படகுதான். கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தூரத்தில் நின்ற காலத்தில் சரக்குத் தோணிகளை வரிசையாகக் கட்டி இழுத்தது அது. சின்னப் படகுதான், ஆனால் முழுக்கத் தேக்கு. நம் தீப்பெட்டிப் பண்டல்களும் அதன் பின்னால்தான் கப்பலுக்குப் போயின. மாமா பூவனலிங்கம் அதில் முப்பத்திரண்டு வருஷம் இஞ்சின் டிரைவர். படகுக்கு வேலை ஓய்ந்ததும் கம்பெனிக்காரர்கள் அதை நினைவாக வைத்துக்கொள்ளச் சொல்லி ஊர்க் கமிட்டியிடம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து மாமாதான் சம்பளமில்லாமல் தினம் காலையில் போய் அடியில் ஊறிய தண்ணீரை இறைத்து, பலகை இடுக்குகளில் பஞ்சு அடைத்து மிதக்கவைத்தான். கமிட்டிக்காரன் ஒருத்தன்கூட ஒரு வாளி இறைத்ததில்லை. சித்திரையில் மாமா மதுரையில் கண் ஆபரேஷன் செய்துகொண்டு மகனோடு பம்பாய் போனான், அந்த ஆறு மாதத்தில் முடித்துவிட்டார்கள். தண்ணீர் ஊறுகிறது, மரம் உளுத்துவிடும் என்று கிரேன் வைத்துத் தூக்கிக் கரையில் வெயிலில் போட்டார்கள். பலகையெல்லாம் சுருங்கி, இடுக்கில் ஒரு தீப்பெட்டியைச் செருகலாம் போலாகிவிட்டதாம். ஆயுத பூஜையன்று மாலை போட்டு, மேளம் வைத்து, கமிட்டித் தலைவர் சௌந்தரபாண்டியன் பேசி முடித்து அதை அப்படியே கடலில் இறக்கினார்கள். அரை மணி நேரம். மேளக்காரர்கள் சாப்பிட உட்காருவதற்குள் மூழ்கிவிட்டது. மறுவாரமே வழியை அடைக்கிறது என்று உடைத்து, பலகையை விறகுக்கும் கொதிகலனைப் பழைய இரும்புக்கும் போட்டுவிட்டார்கள். மாமாவுக்கு ஒரு தந்திகூடக் கொடுக்கவில்லை. அந்தத் தலைவர் என்னிடமே பழைய கட்டைதானே அண்ணாச்சி என்கிறார்.

போன திங்கட்கிழமை மாமா வந்தான். அம்மா போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். ஈரச் சாக்கு போட்டு நனைச்சிருந்தாக்கூடத் தப்பிச்சிருக்கும் அத்தான், தண்ணியில கெடக்குற மரத்துக்குத் தண்ணிதான் உசுரு, அதுகூடத் தெரியாத எந்த மடப்பய கரையேத்தச் சொன்னான்னு கேட்டா கமிட்டி முடிவுங்காவ, அவிய யாரும் பேரு சொல்ல மாட்டேங்காவ என்றான். கலெக்டருக்கு மனு எழுதித் தாங்க அத்தான், உங்க கையெழுத்துதான் எடுபடும் என்று சொல்லிவிட்டுப் போனான். நம் வீட்டு மனுவெல்லாம் நான்தானே எழுதுவேன். சரி என்றேன்.

பொன்மணி, அந்த மடப்பயல் நான்தான். வைகாசியில் சரக்கு விஷயமாகத் தூத்துக்குடிக்குப் போனவனைக் கமிட்டியில் உட்காரவைத்து மரத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியுமே என்று கேட்டார்கள். நாற்பது வருஷமாகக் குச்சியை வெயிலில் உலர்த்துகிறவன், ஈரம்பட்ட குச்சியைக் குப்பையில் கொட்டுகிறவன், கேட்டதும் வாய் சும்மா இருக்கவில்லை. மரத்துக்கு ஈரம் ஆகாது, தூக்கி நல்லா காயப் போடுங்க என்று சொன்னேன். மாமா வரட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அவர்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் கொஞ்சமும் குறையவில்லை, ஆனால் அதில் பாதி என்னைப் பார்த்தே திரும்பி நிற்கிறது. இது அம்மாவுக்கும் தெரியாது.

நாலு நாளாக அந்த மனு மேஜையில் கிடந்தது. கரையேற்றச் சொன்னவர் என்று எழுதி, பேர் வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். இன்று காலையில் குளித்துவிட்டு வந்து அதை நிரப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போய் மாமா கையில் கொடுப்பேன். அவனுக்குக் கண் இன்னும் தெளியவில்லை, நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

தீபாவளிக்குப் பேரனுக்கு எண்ணெய் தேய்க்கும்போது கண்ணில் படாமல் பார்த்துக்கொள். மூவருக்கும் எங்கள் ஆசிகள். மாமாவுக்கு மறக்காமல் ஒரு கடிதம் போடு, எனக்காக எதுவும் பரிந்து எழுதாதே.

இப்படிக்கு உன் அப்பா,
மனுவில் உள்ள அதே
சி. ஆறுமுகசாமி