கட்டிலில் கிடக்கும் லட்சுமி

அவள் மறுபடியும் நம் வீட்டுக்குள் வந்துவிட்டாள். இப்போது நம் கட்டிலில்தான் கிடக்கிறாள்.

பதறாதீர்கள். அடுத்த வீட்டுச் செல்லத்தாய் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறாள். சுவருக்குச் சுண்ணாம்பு, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் என்று காலையிலிருந்து வேலை நடக்கிறது. சாமி படங்களை எல்லாம் கழற்றிக்கொண்டு வந்து, "மதினி, பெயிண்டு காயுற வரைக்கும் இது உங்க வீட்ல கெடக்கட்டும்" என்று வைத்துவிட்டுப் போனாள். அடியில் பிள்ளையார், அதற்கு மேல் முருகன், எல்லாருக்கும் மேலே அவள். நீங்கள் வரைந்து, சிவகாசியில் அச்சாகி, காலண்டராக வந்து, வருடம் முடிந்ததும் செல்லத்தாய் தாளைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்ட அந்த லட்சுமி.

பெயிண்டில் கலக்கிற டர்பன்டைன் வாசனை சுவரைத் தாண்டி வருகிறது. அது வந்தால் இன்னமும் எனக்கு மூக்கு வேர்த்துவிடுகிறது. நீங்கள் முன் அறையில் இருக்கிறீர்கள், தெருக்கதவைத் தாழ் போட்டிருக்கிறீர்கள், உள்ளே எனக்குத் தெரியாமல் என்னவோ நடக்கிறது என்று தோன்றுகிறது. நீங்கள் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. என் சந்தேகம் மட்டும் சாகவில்லை.

என்னைச் சொல்லிக் குற்றமில்லை. நீங்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்கே அது பிறந்துவிட்டது. இடைசெவலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் என்னைப் பார்க்க, நீங்கள் மட்டும் காரை பெயர்ந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பெண் பார்க்க வந்த ஆள் சுவரைப் பார்த்தால் எவளுக்குத்தான் சந்தேகம் வராது? எனக்கு அன்று வேறொரு பயமும் இருந்தது. சின்னதில் மாட்டுவண்டியிலிருந்து விழுந்து, கட்டுப் போட்டும் சரியாக ஒட்டாமல், என் வலது சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்தே நின்றுவிட்டது. "தட்டுக்கு அடியில விரலை மறைச்சுக்கிடு, அவிய கண்ணுல பட்றக் கூடாது" என்று அம்மா சொல்லித்தான் அனுப்பினாள். மறைத்துக்கொண்டேன். கல்யாணம் ஆன பிறகும் முந்தானைக்குள் மறைத்தே பழகிவிட்டது. நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பார்க்கவே இல்லை போலிருக்கிறது என்று நானும் இருந்துவிட்டேன்.

கோவில்பட்டி ரயிலடிக்குப் பின்னால் இந்த வாடகை வீட்டுக்கு வந்த புதிதை நினைத்துக்கொள்கிறேன். விடிந்தும் விடியாமலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். எங்கே என்றால், "காட்டுக்கு" என்பீர்கள். மழை பெய்யாத வருடத்தில் கரிசல்காட்டில் வெடிப்பைத் தவிர என்ன இருக்கிறது? திரும்பி வரும்போது சைக்கிள் பையில் ஒரு கம்பங்கதிர் இருக்கும், கௌதாரி இறகு இருக்கும், இல்லாவிட்டால் வெறும் மண்கட்டி. அந்த மண்கட்டியைச் சாப்பாட்டுத் தட்டில் வைத்து, தண்ணீர் தெளித்து, குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பீர்கள்.

"ஏட்டி, இங்கன வா. இது கறுப்புன்னா நெனைக்க? உள்ள நீலம் கெடக்கு பாரு."

"எனக்குக் கறுப்பாத்தான் தெரியுது. தட்டைக் கழுவி வைங்க."

அந்த நீலக் கறுப்பு அடுத்த வாரம் லட்சுமியின் கூந்தலில் இருக்கும். லட்சுமி கட்டிய சேலைக்கு என்ன நிறம் என்று காலண்டர் அச்சடிக்கிற சிவகாசிக்காரர் கேட்டபோது, "நேத்துப் பூத்த பருத்திப்பூ" என்றீர்கள். இன்றைக்குப் பூத்தது மஞ்சள், நேற்றுப் பூத்தது வாடிச் சிவந்திருக்கும், அந்தச் சிவப்பு. பாவம், அந்த மனிதர் "ரோஸ்" என்று எழுதிக்கொண்டு போனார். அதெல்லாம் எனக்குப் பெருமைதான். இல்லையென்று சொல்லவில்லை. என் பிரச்சினை அந்த முகம்.

அதைக் கண்டுபிடித்துச் சொன்னவளே இந்தச் செல்லத்தாய்தான். ஒரு தை மாதம், நம் வீட்டில் அந்த வருடத்துக் காலண்டர்கள் வந்து கிடந்தன. லட்சுமி ஒன்று. தெருமுனை டீச்சர் வீட்டுக்குக் கொடுக்க வைத்திருந்த மாதா ஒன்று. பக்கத்தில் தீப்பெட்டி லேபிள், பூக்கூடை ஏந்திய ஒரு பொம்பிளை. செல்லத்தாய் மூன்றையும் வரிசையாகப் பார்த்தாள்.

"மதினி, மூணு பேரும் ஒரே ஆளுலா? இடது புருவத்தைப் பாருங்க, மூணுக்கும் நடுவுல வெட்டு விழுந்துருக்கு."

பார்த்தேன். ஆமாம். லட்சுமிக்கும் அவள் முகம், மாதாவுக்கும் அவள் முகம், தீப்பெட்டிக்காரிக்கும் அவள் முகம். வெட்டுப்பட்ட புருவம்கூட மாறவில்லை. அன்று ராத்திரி சோறு போடும்போதே கேட்டுவிட்டேன்.

"யாரு இவ?"

"எவ?"

"புருவத்துல வெட்டு விழுந்தவ."

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னீர்கள்: "சின்ன வயசுல எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் நடந்து போறப்ப மயங்கி விழுந்துட்டேன். மழையே இல்லாத வருசம். ஒரு அம்மா பானையில கெடந்த கடைசித் தண்ணியைக் குடுத்தா. அந்த மூஞ்சிதான் வருது. பேருகூடத் தெரியாது."

நம்புகிற கதையா இது? ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தவளை ஒரு ஆண்பிள்ளை இத்தனை வருடமா வரைவான்? அப்படியென்றால் காலையும் மாலையும் தண்ணீர் கொடுக்கிற நான் யார்? இதைத்தான் கேட்டேன். நீங்கள் கை கழுவப் போய்விட்டீர்கள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்றிலிருந்து அந்தப் படம் ஒன்றையும் வீட்டில் மாட்ட விடவில்லை. வந்த வேகத்தில் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவேன். ஊரே உங்கள் லட்சுமியைக் கும்பிட்டது, நம் வீட்டில் மட்டும் வெறும் தேதிக் காலண்டர் தொங்கியது. பஸ்ஸிலும் சந்தையிலும் தீப்பெட்டி ஆபீஸ் வாசலிலும் போகிற வருகிற பெண்களின் புருவத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். "என்னத்துக்கு இப்படி மொறைக்கா இந்த அம்மா" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள்.

உங்களைப் பின்தொடர்ந்துகூட வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? உங்கள் சைக்கிள் எங்கள் ஊர்ப் பக்கம் நிற்பதாகக் கேள்விப்பட்டு, முதல் பஸ்ஸில் ஏறி, எங்கள் ஊருக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி, வரப்பு வரப்பாக நடந்தேன். பருத்திக்காட்டு ஓரத்தில் உங்கள் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. சற்றுத் தள்ளி ஒடைமரத்தடியில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். எதிரே ஒரு பெண். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று ஓட்டமும் நடையுமாக வந்தேன். கிட்டத்தில் வந்து பார்த்தால், ஆடு மேய்க்கிறவள். இரண்டு புருவமும் முழுசாக இருந்தன. கையில் தொரட்டிக் கம்பை ஓங்கிக்கொண்டு நின்றாள்.

"யம்மா, இவரு உங்க வீட்டுக்காரரா? தெனம் வந்து என் கெடாக்குட்டியையே பாத்துக்கிட்டு இருக்காரு. ஆடு களவாங்க வந்த ஆளுன்னு இன்னைக்கு ரெண்டு போடு போடுறதா இருந்தேன்."

"கிருஷ்ணன் படத்துல ஒரு ஆட்டுக்குட்டி போடணும்மா. காது எப்படி மடங்குதுன்னு பாக்குதேன்" என்று நீங்கள் காகிதத்தை நீட்டிக் காட்டினீர்கள். அவள் கம்பை இறக்கவில்லை. ஆட்டைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பாத்து வச்சுக்கிடுங்க இவரை" என்றாள். அதைத்தானே தாயி நானும் செய்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். திரும்பும்போது சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வழியெல்லாம் நீங்கள் சிரித்துக்கொண்டே வந்தீர்கள், நான் சிரிக்கவில்லை.

பிறகு அந்தக் கண்ணாடி. சாமி படத்துக்குக் கடைசியாகக் கண்மணி தீட்டிக் கண் திறக்கிற வெள்ளிக்கிழமை, குளித்து, சூடம் கொளுத்தி, தெருக்கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்காருவீர்கள். அது தொழில் வழக்கம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படச்சட்டத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்து ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்தீர்களே, அது எதற்கு? கேட்டதற்கு, "படத்தைக் கண்ணாடியில பாத்தாத்தான் கோணல் தெரியும்" என்றீர்கள். சரி என்று விட்டுவிட்டேன். ஒருநாள் நீங்கள் வெளியே போயிருந்தபோது உங்கள் முக்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடியில் படம் தெரியவில்லை. உள்கதவும், முற்றமும், என் அடுப்பும்தான் தெரிந்தன. எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. நான் வருகிறேனா என்று வேவு பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. நான் அடுப்படியை விட்டு எழுந்தால் எதையோ மறைத்து வைக்கிறீர்கள். அறை முழுவதும் தேடினேன். தூரிகையும் கந்தலும் ஆளிவிதை எண்ணெய்ப் புட்டியும் தவிர ஒன்றும் அகப்படவில்லை. கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக வந்தது சிவகாசிக்காரர் பேச்சு. லட்சுமி படத்தை விரித்து வைத்துக்கொண்டு அவர் சொன்னது அடுப்படிவரைக்கும் கேட்டது.

"அண்ணாச்சி, படம் பிரமாதம். அந்தக் காசு கொட்டுத கையை மட்டும் கொஞ்சம் மாத்திக் குடுத்துருங்க. போன வருசமே மொதலாளி சொன்னாரு."

சேலையை மாற்றச் சொன்னால் மாற்றுவீர்கள். நகையைக் கூட்டச் சொன்னால் கூட்டுவீர்கள். கண்ணைப் பெரிதாக்கச் சொன்னபோதுகூட முணுமுணுத்துக்கொண்டே செய்தவர். அன்றைக்கு உங்கள் குரல் எனக்குப் புதிதாக இருந்தது.

"அந்தக் கையை மாத்த மாட்டேன். வேண்டாம்னா படத்தை வச்சுட்டுப் போங்க."

அவ்வளவுதான், எனக்கு உலகமே இருண்டுவிட்டது. அவள் கையைக்கூடவா விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை? மறுநாளே பையை எடுத்துக்கொண்டு இடைசெவலுக்குப் போய்விட்டேன். அம்மாவிடம் காரணம் சொல்லவில்லை, அழுதுகொண்டே கிடந்தேன். வாரம் ஒன்று கழிந்திருக்கும். தாடியோடு வந்து வாசலில் நின்றீர்கள்.

"படம் பாதியில நின்னு கெடக்கு. வாட்டி, போவோம்."

எனக்காக வரவில்லை, படத்துக்காக வந்திருக்கிறார் என்றுதான் அன்று எனக்குப் பட்டது. படத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றவில்லை. வந்தேன். ஆனால் அந்தக் கசப்பு போகவில்லை. நீங்கள் படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில்கூட ஒரு தடவை கேட்டேன், "இப்பவாவது சொல்லுங்க, அவ யாரு?" என்று. "தண்ணி குடுத்த அம்மாதான்" என்றீர்கள். பிறகு என்னிடம் தண்ணீர் கேட்டீர்கள். கொடுத்தேன்.

இன்றைக்கு மத்தியானம் நடந்ததைச் சொல்லவேண்டும். எத்தனை கோபம் இருந்தாலும் சாமி படம் தூசியோடு கிடக்கலாமா? முந்தானையால் கண்ணாடியைத் துடைக்க உட்கார்ந்தேன். முகத்தைத் துடைத்தேன், அதே புருவம், அதே வெட்டு. முகத்தைச் சுளித்துக்கொண்டு கீழே வந்தேன். காசு கொட்டுகிற கை. அங்கே என் கை நின்றுவிட்டது.

லட்சுமியின் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

முதலில் நம்பவில்லை. அச்சில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். வளைவு, நடுக்கணுவில் இருக்கிற முண்டு, அதற்குக் கீழே அடுப்பு சுட்ட தழும்பு. என் விரலேதான். ஒன்றுதான் உதைத்தது. எனக்கு வலது கை, அவளுக்கு இடது கை. அப்புறம்தான் அந்த ஆணியும் கண்ணாடியும் நினைவுக்கு வந்தன. கண்ணாடியில் பார்த்தால் வலது இடதாகத்தானே தெரியும்? அரிசியை அள்ளி உலையில் போடும்போது மட்டும்தான் நான் அந்த விரலை மறைப்பதில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துப் போடுவேன். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு அதைத்தான் பார்த்திருக்கிறீர்கள். கேட்டால் நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வேன் என்று தெரிந்துதான் கேட்காமலே இருந்திருக்கிறீர்கள். அரிசி காசாகிவிட்டது. கை அப்படியே இருக்கிறது.

அடப்பாவி மனுசா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? நான் முகத்தையே பார்த்துப் பார்த்து வெந்தேனே. படத்தை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். பெயிண்ட் அடிக்கிற பையன்கள் எட்டிப் பார்த்திருப்பார்கள். எனக்கென்ன.

அதற்காக உங்களை முழுசாக நம்பிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கை என்னுடையது, சரி. முகம் யாருடையது என்பது அப்படியேதான் நிற்கிறது. தண்ணி குடுத்த அம்மா கதையை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். நாளைக்கு டீச்சர் வீட்டுக்குப் போய் மாதாவின் கையையும் ஒருதடவை பார்த்துவிட்டு வரப்போகிறேன். மீதியை அங்கே வந்து நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

சாயங்காலம் செல்லத்தாய் படங்களைக் கேட்டு வந்தாள். முருகனையும் பிள்ளையாரையும் எடுத்துக் கொடுத்தேன்.

"லட்சுமி எங்க மதினி?"

"அது கண்ணாடி இன்னும் தொடச்சு முடியல. இருக்கட்டும், பெறகு தாரேன்."

"காலையில இருந்து ஒரு கண்ணாடியையா தொடைக்கீங்க?"

முந்தானைக்குள் மறைக்காமல் வலது கையை நீட்டி, கதவை மெதுவாகச் சாத்தப் போனேன். அவள் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. வரட்டும்.